கரஸ், திறந்தநிலை, ஆன்லைன்: தூரத்திலிருந்து படிப்பதில் எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் எழும் கேள்வி, "ரெகுலரில் சேர்ப்பதா, வேலைக்கு அனுப்பிவிட்டுக் கரஸில் போடுவதா?" என்பது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், "ஆன்லைனில் எம்.பி.ஏ. முடித்தால் ஆபீசில் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்கிறார்கள். பாதியில் விட்ட டிகிரியைக் குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு முடித்துவிட நினைக்கும் பெண்கள், இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று தயங்குகிறார்கள்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தூரத்திலிருந்து படிக்கும்போது பாடம் நம்மைத் தேடி வந்துவிடுகிறது. பாடத்தைச் சுற்றி வகுப்பறை கொடுத்துக்கொண்டிருந்த மற்றவை வருவதில்லை. மணியடித்தால் புத்தகத்தைத் திறக்க வைக்கும் நேரம், முகத்தைப் பார்த்தே "புரியலையா?" என்று கேட்கும் ஆசிரியர், பக்கத்து இருக்கை நண்பர், ஆய்வகம் ஆகியவற்றையெல்லாம் யாராவது ஈடுகட்டியாக வேண்டும். சேரும் நிறுவனம் ஈடுகட்டுகிறதா, அல்லது நீங்களேதான் ஈடுகட்ட வேண்டுமா? இந்தப் படிப்புகளின் நன்மை தீமைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

மூன்று பெயர்கள்

பேச்சுவழக்கில் கரஸ் என்பது அஞ்சல்வழிக் கல்வி. பல்கலைக்கழகம் பாடங்களைப் புத்தகமாக அச்சடித்துத் தபாலில் அனுப்பும். அவ்வப்போது சனி, ஞாயிறுகளில் தொடர்பு வகுப்பு நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். இதையே இப்போது தொலைநிலைக் கல்வி என்கிறார்கள்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துவதும் தொலைநிலைக் கல்விதான். அதன் சிறப்பு, கதவு அகலமாகத் திறந்திருப்பது. வயது வரம்பு பார்க்காது, கட்-ஆஃப் பார்க்காது. டெல்லியில் தலைமையகம் வைத்திருக்கும் இக்னோவும், நம் ஊரின் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்த வகை.

இணையவழிக் கல்வி, அதாவது ஆன்லைன், பாடம் வரும் வழியை மாற்றியது. இதற்குள்ளும் இரண்டு உண்டு. ஒன்று, குறித்த நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் திரையில் சந்திக்கும் நேரலை வகுப்பு. மற்றது, பதிவுசெய்த வீடியோவை நமக்கு வசதியான நேரத்தில் பார்ப்பது. இந்த வேறுபாட்டைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு நேரலை வகுப்பு பயன்படாது. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவருக்குப் பதிவு வீடியோ மட்டும் போதாது.

தபால் காலத்திலிருந்து

இது இணையத்தோடு பிறந்த யோசனை இல்லை. 1840-இலேயே இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்ப, அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். அந்தத் திருத்தம்தான் அவர் பாடத்தின் உயிர். பாடத்தை அனுப்புவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இதில் இறங்கின. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஹைதராபாத்தில் வந்தது. 1985-இல் இக்னோ, 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்த வரலாற்றில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்குண்டு. நீரியல் பொறியாளரும் கவிஞருமான வா.செ.குழந்தைசாமி, மதுரை காமராசர், அண்ணா பல்கலைக்கழகங்களுக்கும் பிறகு இக்னோவுக்கும் துணைவேந்தராக இருந்தார். வெளிநாட்டுத் தமிழர்கள் இணையம் வழியாகத் தமிழ் கற்பதற்காக 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தோடும் அவர் பெயர் பிணைந்திருக்கிறது. அது இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்.

நம் தெருவிலேயே பாருங்கள். பள்ளி ஆசிரியர், தாலுகா ஆபீஸ் உதவியாளர், பஸ் கண்டக்டர், வங்கிக் காசாளர் என்று கரஸில் டிகிரி முடித்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள் ஒருவராவது இருப்பார்கள். சம்பளத்தை விட முடியாத குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியதில் இந்தப் படிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. "கரஸ்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிடைப்பவை

முதல் லாபம், வேலையை விட வேண்டாம், ஊரை விட வேண்டாம். திருநெல்வேலி பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் சென்னையில் ஹாஸ்டல் வாடகையும் மெஸ் பில்லும் கட்ட வேண்டியதில்லை. படிப்புச் செலவில் கல்லூரிக் கட்டணத்தைவிட இந்தத் தங்கும் செலவே பல குடும்பங்களைத் தடுத்து நிறுத்துகிறது. இக்னோ போன்றவற்றில் பி.ஏ., பி.காம். படிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். உடற்குறை உள்ளவர்களுக்கும், வயதான பெற்றோரை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இது பணத்தைத் தாண்டிய விஷயம். அவர்கள் படிப்பதற்கு இருக்கும் ஒரே வழியே சில சமயம் இதுதான்.

இரண்டாவது லாபத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. வீடியோவை நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், மறுபடி கேட்கலாம். தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வருடம் என்ன நடக்கிறது? ஆசிரியர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொண்டு போவார். ஒரு வாக்கியம் தவறினால் அடுத்த பத்து நிமிடமும் போய்விடும். கை தூக்கிக் கேட்கவும் கூச்சம். அதே பிள்ளை வீடியோவில் நான்கு முறை ஓட்டிப் பார்த்தாலும் யாரும் எதுவும் நினைக்கப்போவதில்லை. புரியாத சொல்லை அகராதியில் பார்த்துவிட்டுத் தொடரலாம். மெதுவாகப் படிப்பவர்களுக்கு வகுப்பறை எப்போதும் கொடுக்காத மரியாதை இது.

மூன்றாவது, நல்ல ஆசிரியர்கள் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் வீடியோக்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10 மதிப்பெண்ணும் தேர்வில் 30 மதிப்பெண்ணும் எடுத்தால்தான் சான்றிதழ். 2017-இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் மற்ற பல்கலைக்கழகங்களின் பாடங்களும் சேர்ந்தன. ரெகுலர் கல்லூரி மாணவர்கள்கூடத் தங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டால், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெற பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகள் இடம் தருகின்றன.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பையும் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து அதற்கான தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போகலாம். வீடியோ இணையத்தில், வாராவாரம் அசைன்மென்ட், முக்கியத் தேர்வுகள் மட்டும் மையத்தில் நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் அதுவரை படித்ததற்கு டிப்ளமோ போன்ற சான்றிதழோடு வெளியே வரலாம். சேரும்போது கதவு அகலம், மேலே போகப் போக வடிகட்டல் கடுமை. ஆன்லைன் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இந்த அமைப்பைத்தான் நான் காட்டுவேன். வகுப்பறை கொடுத்த கெடுவையும் கண்டிப்பையும் வேறு வழியில் அது கொண்டுவந்துவிடுகிறது.

யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த இன்னொரு மாற்றமும் பயனுள்ளது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்கலாம். பகலில் ரெகுலர் பி.காம். போகிறவர் கூடவே தொலைநிலையில் இன்னொன்று படிக்கத் தடை இல்லை.

கிடைக்காதவை

2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இருவர் தங்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். கடைசி வரை முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பாலான இலவச இணையப் பாடங்களில் நிலைமை இதைவிட மோசம். பத்தில் ஒருவர் முடித்தாலே பெரிது. எட்டிப் பார்க்க மட்டும் பதிவு செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், முடிக்க வேண்டும் என்று மனதார நினைத்துச் சேர்ந்தவர்களும் ஏராளமாக விட்டுவிடுகிறார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளை தினமும் காலையில் மன உறுதியைத் திரட்டி வகுப்புக்குப் போவதில்லை. பஸ் வருகிறது, நண்பர்கள் போகிறார்கள், வருகைப் பதிவு இருக்கிறது, அவனும் போய்விடுகிறான். அந்த இழுவை தொலைநிலையில் இல்லை. எட்டு மணி நேர வேலை முடித்து, சமையலும் முடித்து, இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை எடுப்பவர் தினமும் தன்னோடு போராடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. "இன்றைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால் கேட்க ஆள் இல்லை. அப்புறம் ஹால் டிக்கெட் வந்த வாரம்தான் புத்தகக் கட்டு பிரிக்கப்படும். அரியர் அங்கேதான் பிறக்கிறது.

அடுத்த குறை கண்ணுக்குத் தெரியாதது. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு குழுவை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். இன்னொரு குழுவைப் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பார், சிலிப் டெஸ்ட் வைப்பார். அந்த வேலையை வீட்டில் யாரும் செய்வதில்லை. ஆகவே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத் தாளில் நினைவிலிருப்பதை எழுதிப் பாருங்கள். பழைய கேள்வித்தாள்களைக் கடைசி வாரத்துக்கு வைக்காமல் முதல் மாதமே எடுத்துவையுங்கள்.

மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் 1989-இல் எழுதிய ஒரு கட்டுரையில், தொலைநிலை மாணவருக்கு மூன்று உறவுகள் வேண்டும் என்றார்: பாடத்தோடு, ஆசிரியரோடு, சக மாணவரோடு. நம்மூர்த் தொலைநிலைப் படிப்புகள் பலவற்றில் முதல் உறவு மட்டும்தான் இருக்கிறது. புத்தகம் வருகிறது, சந்தேகம் கேட்க ஆள் இல்லை. இக்னோவின் பல படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீத மதிப்பெண் உண்டு. அது வெறும் மதிப்பெண்ணுக்காக வைக்கப்பட்டதில்லை. மாணவர் எழுத, ஆசிரியர் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. பிட்மன் செய்த அதே வேலை. ஆனால் ஜெராக்ஸ் கடையில் விற்கும் விடைகளைப் பார்த்து எழுதிக் கொடுப்பதும், அதைப் புரட்டிப் பார்க்காமல் மதிப்பெண் போடுவதும் பழகிவிட்ட இடங்களில், ஆசிரியரோடு இருந்த ஒரே பாலமும் அறுந்துவிடுகிறது. மாணவருக்குத்தான் அதில் இழப்பு.

கையால் செய்து கற்க வேண்டியவை வேறு கதை. பிப்பெட்டில் திரவம் எடுப்பதையும், நோயாளிக்கு ஊசி போடுவதையும், கட்டடத்தில் அளவெடுப்பதையும் திரையில் பார்த்து மட்டும் பழக முடியாது. அதனால்தான் பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை, கட்டடக்கலை, ஹோட்டல் மேலாண்மை போன்ற படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டமாகத் தர யு.ஜி.சி. விதிகள் அனுமதிப்பதில்லை. பிஎச்.டி.யும் அந்தப் பட்டியலில் உண்டு.

குழந்தைகள் விஷயம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நடந்ததைப் பார்த்து "ஆன்லைன் கல்வி தோற்றுவிட்டது" என்று முடிவுகட்டியவர்கள் பலர். அது ஒரு அவசர ஏற்பாடு. திட்டமிட்டு மாதக்கணக்கில் உருவாக்கும் இணையப் பாடத்தோடு அதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அது ஒன்றை மறுக்க முடியாதபடி காட்டியது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. டேட்டா தீர்ந்தால் பாடம் முடிந்தது. போன் இல்லாத வீடுகளுக்காக, 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் தொலைக்காட்சி, "எழுதிட்டியா, காட்டு" என்று கேட்காது.

கடைசியில் அரசு என்ன செய்தது? 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தங்கள் தெருவிலேயே ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திரையால் நிரப்ப முடியாத இடத்தை நிரப்ப, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டார். தொலைநிலைக் கல்வி, ஏன் படிக்கிறோம் என்று தெரிந்த பெரியவர்களை மனதில் வைத்து உருவானது. சின்னப் பிள்ளைகளுக்கு அது துணையாக இருக்கலாம், பள்ளிக்கு மாற்றாக முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

பட்டம் செல்லுமா?

செல்லும், முறைப்படி வாங்கியிருந்தால். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ தரும் பட்டம், அதே பெயருள்ள ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் தெளிவாக அறிவித்தது. அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது போதும். தனியார் நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி நடந்துகொள்ளும். சில கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் "முழுநேரப் படிப்பு மட்டும்" என்று இன்னும் பார்க்கலாம்.

ஆனால் "முறைப்படி" என்ற நிபந்தனையில்தான் பலர் வாழ்க்கை சிக்கியிருக்கிறது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்களைச் செல்லாது என்றது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வை எழுதித் தேறும் வாய்ப்பு கிடைத்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வலை நம் மாநிலத்துக்கே உரியது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கு ஏற்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி. கனவோடு இருப்பவர்கள் 10, 12, பட்டம் என்ற வரிசையை மாற்றவே கூடாது.

அதனால் பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அதே படிப்பு, அதே கல்வியாண்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் பெற்ற பல்கலைக்கழகத்திலும் ஒரு படிப்புக்கு அனுமதி இருக்கும், பக்கத்துப் படிப்புக்கு இருக்காது. "ஒரே வருடத்தில் மூன்று வருட டிகிரி", "தேர்வுக்கு வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆன்லைன் கோச்சிங் நிறுவனங்களிடம் இன்னொரு எச்சரிக்கை தேவை. மாதத் தவணை என்று அவர்கள் நீட்டும் தாள் பல சமயம் கடனுக்கான ஒப்பந்தம். வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி தருவதற்கு முன் யோசிக்கச் சொல்லி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்தது.

யாருக்கு எது?

வேலையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்கோ போட்டித் தேர்வுத் தகுதிக்கோ பட்டம் தேவைப்படுபவருக்குத் தொலைநிலை மிகப் பொருத்தம். ஏற்கெனவே ஒரு துறை தெரிந்து, அதில் குறிப்பிட்ட ஒரு திறமையைக் கூட்டிக்கொள்ள நினைப்பவருக்கு ஆன்லைன் பாடம் ஏற்றது. பதினேழு வயதில், வசதியும் வாய்ப்பும் இருந்தால், முதல் பட்டத்தைக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதே நல்லது என்பேன். அந்த வயதில் வகுப்புக்கு வெளியே கற்பவை அத்தனை இருக்கின்றன. வசதி இல்லையென்றால் படிப்பை நிறுத்துவதைவிடக் கரஸில் சேர்வது எவ்வளவோ மேல்.

சேர்ந்துவிட்டால் முதல் வேலையாக அதே படிப்பில் இருக்கும் இரண்டு பேரையாவது தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் கிளை நூலகம் போதும். தொடர்பு வகுப்பு கட்டாயம் இல்லை என்றாலும் போங்கள். சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியரின் பழக்கம் அங்கேதான் கிடைக்கும்.

சேர்வதற்கு முன்னால், தொடர்பு வகுப்பு நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிப்பு மையத்துக்கு நேரில் போய், இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். புத்தகம் தேர்வுக்கு எத்தனை நாள் முன்பு கைக்கு வந்தது? அசைன்மென்டைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்களா? தேர்வு முடிவு வர எத்தனை மாதம் ஆனது? போன் செய்தால் யாராவது எடுக்கிறார்களா?